பெரும்புள்ளி

அந்தக் கல்லூரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாசல் காவலாளி தொடங்கி, இன்றைக்கோ நாளைக்கோ ஓய்வு பெறப்போகிற தாவரவியல் பேராசிரியர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் அக்கா. “அக்கா, அந்தப் புத்தகம் திரும்பி வந்துடுச்சா?” “அக்கா, பிரிண்டர் மறுபடியும் பேப்பரைத் தின்னுடுச்சு.” தலை நரைத்தவர்கள் அப்படிக் கூப்பிட்டபோது ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது, பிறகு பழகிவிட்டது. நூலகர் என்று கதவில் பலகை மாட்டியிருந்தார்கள். அதை யார் படித்தார்கள்? அக்கா என்று கூப்பிடாத ஒரே ஆள் முதல்வர். அவர் ‘மேடம்’ என்பார். அந்த மேடத்தில் இருப்பது மரியாதையா, தள்ளி நில் என்கிற உத்தரவா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

உண்மையில் அவளை அக்கா என்று கூப்பிட உரிமை உள்ளவள் ஒருத்திதான், கூடப்பிறந்த தங்கை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவளைப் படிக்கவைத்தது அக்காதான். மருத்துவம் படிப்பாள், பொறியியல் படிப்பாள் என்று அக்கம்பக்கம் ஆரூடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் போய்க் கொசுவைப் படித்தாள். கட்டட வேலை நடக்கும் இடங்களில் தேங்கிக் கிடக்கும் தண்ணீரில் கொசு எங்கே முட்டையிடுகிறது, எதனால் அங்கேயே இடுகிறது என்பது ஆராய்ச்சி. லிஃப்ட்டுக்காகத் தோண்டிய குழிக்குள் இறங்கி, நீளக் காம்பு வைத்த அகப்பையால் பச்சைத் தண்ணீரை மொண்டு மொண்டு, கையெல்லாம் தடிப்போடு வீட்டுக்கு வருவாள். “ரத்ததானம் முடிச்சாச்சுக்கா” என்று செருப்பைக் கழற்றுவாள். வீட்டில் அவளுக்குக் கொசு டாக்டர் என்று பெயர். கடைசியில் நிஜமாகவே அக்காவின் கல்லூரியிலேயே டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டாள். ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் இரண்டு வரி போட்டிருந்தாள்: “என் அக்காவுக்கு. கொசுக்கடியைவிட மோசமான என் கடிகளைப் பொறுத்துக்கொண்டதற்கு.” படித்துவிட்டு அக்கா, “போடி, மானத்தை வாங்கிட்டே” என்று திட்டினாள். பிறகு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதாள்.

பட்டம் வந்ததே தவிர வேலை வரவில்லை. மணிக்கணக்குக்குப் பாடம் எடுக்கிற வேலைதான். காலையில் ஒரு கல்லூரி, மதியம் இன்னொன்று, நடுவில் பேருந்து நிலைய நாற்காலியில் உட்கார்ந்து சாப்பாடு. அப்படியே வருஷங்கள் ஓடின. கடைசியில் அக்காவின் கல்லூரியிலேயே விலங்கியல் துறையில் நிரந்தர இடம் ஒன்று விளம்பரமானது. அடுத்த வருஷம் வயது வரம்பு தாண்டிவிடும். இந்த முறை விட்டால் பிறகு இல்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும். வீட்டில் அதைப்பற்றி யாரும் சத்தமாகப் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

இந்த நேரம் பார்த்துத்தான் கீழ்த்தளத்தில் குழாய் வெடித்தது.

கல்லூரியின் ஆய்வேடுகளும் கட்டுரைகளும் அத்தனையும் தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்து அறையில், ஒரு பழைய சர்வர் கணினிக்குள் இருந்தன. அந்த மின்களஞ்சியம் அக்கா தன் கையால் கட்டியது. யார் பெயரில் எழுத்துப்பிழை இருந்தாலும் அவளே உள்ளே போய்த் திருத்துவாள். மேற்பார்வை மட்டும் கணினிப் பிரிவுத் தலைவருடையது. என்ன கேட்டாலும் “சர்வர் டவுன்” என்று சொல்லிப் பழகிய அந்த மனிதருக்குக் கல்லூரியே ‘டவுன் சார்’ என்று பெயர் வைத்திருந்தது. குழாய் வெடித்த அன்று அவர் வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வார்த்தையை நியாயமாகச் சொன்னார். நல்ல வேளையாகப் பிரதிகள் இருந்ததால் எதுவும் அழியவில்லை. ஆனால் முதல்வருக்கு அது போதுமான சாக்கு.

“இனிமே இந்தக் குழாய், மோட்டார் வம்பெல்லாம் வேண்டாம். எல்லாத்தையும் கிளவுட்ல போட்டுடலாம். நல்ல சேவையா ஒண்ணு பார்ப்போம்” என்றார். குழு ஒன்று அமைந்தது. முதல்வர், டவுன் சார், அக்கா. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால்தான் ஒப்பந்தம்.

முதலில் ஒரு சின்ன நிறுவனத்திலிருந்து ஒல்லியாக ஒரு பெண் வந்தாள். புரொஜெக்டர் அவளுக்கு ஒத்துழைக்கவில்லை. படம் சுவரில் சாய்ந்து விழுந்தது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரிந்திருந்தது. அக்கா கேட்ட முதல் கேள்வி, பெயரை எப்படிப் பதிவது என்பது.

“ஒரே பெட்டிதான் மேடம். அவங்க பேரை அவங்க எப்படி எழுதுவாங்களோ அப்படியே போட்டுக்கலாம். இனிஷியலோட வேணும்னாலும் சரி, இல்லாம வேணும்னாலும் சரி. ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா நீங்களே பிரிச்சு வெச்சுக்கலாம்.”

“நாளைக்கு உங்களை விட்டுப் போகணும்னா?”

“எல்லாத்தையும் மூட்டை கட்டிக் குடுத்துடுவோம் மேடம்.”

அக்காவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அப்போது முதல்வர் குறுக்கிட்டார். “அது சரி, என் போட்டோ எங்க வரும்?”

அந்தப் பெண் யோசிக்காமல் சொல்லிவிட்டாள். “போட்டோ வராது சார். படைப்புகள்தான் வரும்.”

பாவம், அங்கேயே அவள் கதை முடிந்தது. டவுன் சார் மேசைக்கு அடியில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அடுத்த வாரம் பெரிய நிறுவனத்திலிருந்து கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார். புரொஜெக்டர்கூட அவருக்குப் பயந்ததுபோல நேராக நின்றது. திரையில் முதல் படமே முதல்வரின் முகம்தான், பத்து வயது குறைத்து. பக்கத்தில் ‘படைப்புகள்’, ‘பதிவிறக்கங்கள்’, ‘தாக்கம்’ என்று எண்கள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறின. முதல்வர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அக்கா அதே கேள்வியைக் கேட்டாள். கோட்டுக்காரர் பெயர்ப் பக்கத்தைத் திறந்தார். இரண்டு பெட்டிகள். முதல் பெயர், கடைசிப் பெயர். இரண்டும் கட்டாயம்.

“எங்க ஆளுங்களுக்குக் கடைசிப் பேர் கிடையாதே. ஒரே பேருதான். முன்னாடி அப்பா பேரோட முதல் எழுத்து நிக்கும்.”

“அப்ப அப்பா பேரைக் கடைசிப் பேரா போட்டுடலாமே மேடம்.”

“அப்ப படைப்பெல்லாம் அவங்க அப்பா பேர்ல அடுக்கி நிக்கும். கொசுவைப் பத்தி எழுதினவளைத் தேடினா, எங்கப்பா வந்து நிப்பார். அவர் தபால் பிரிச்சுக்கிட்டு இருந்தவர்.”

டவுன் சார் சிரித்தார். கோட்டுக்காரரும் சிரித்தார், தொழில்முறைச் சிரிப்பு. “பெட்டியைக் காலியா விட்டா ஏத்துக்காது. வேற சில இடங்கள்ல ஒரு புள்ளி வெச்சுடுறாங்க மேடம். வெறும் புள்ளி. சிஸ்டம் வாயை மூடிக்கும்.”

“அவ்ளோதானே, புள்ளி வெச்சாப் போச்சு” என்றார் முதல்வர். பயண விண்ணப்பமோ வங்கிப் படிவமோ, கடைசிப் பெயர் கேட்கிற இடத்தில் புள்ளி வைத்துத் தப்பிக்காத ஆள் அந்த அறையில் ஒருவரும் இல்லை. அக்காவே வைத்திருக்கிறாள். அதனால் அது யாருக்கும் விபரீதமாகப் படவில்லை.

அக்காவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. அன்று மாலையே உட்கார்ந்து, சின்ன நிறுவனமே மேல் என்று ஒரு பக்கத்துக்கு எழுதினாள். பெரிய நிறுவனத்தின் சேவையில் பிழை வந்தால் நம் கையால் திருத்த முடியாது, விலக நினைத்தால் விலக முடியாது, ஆட்களை ஆட்களாகப் பதிய முடியாது. அதை எடுத்துக்கொண்டு மறுநாள் முதல்வர் அறைக்குப் போனாள்.

முதல்வர் தாளை வாங்கி, படிக்காமல், கண்ணாடிக் குண்டுக்கு அடியில் வைத்தார். ஜன்னல் பக்கம் நின்ற பிளாஸ்டிக் செடியின் இலையைத் துடைத்தபடி, வேறு எதையோ நினைத்துக்கொண்டவர்போலக் கேட்டார். “உங்க தங்கச்சி விலங்கியலுக்கு அப்ளை பண்ணியிருக்காங்களாமே மேடம்?”

“ஆமா சார்.”

“நல்ல பொண்ணு. நான் பார்த்திருக்கேன். நம்ம ஆளுங்கன்னு ஒரு நினைப்பு எனக்கு எப்பவும் உண்டு.” இலையிலிருந்து கையை எடுத்தார். “குழுவில மூணு பேரும் ஒரே மாதிரி நின்னா நல்லாருக்கும். அதான் யோசிக்கிறேன்.”

அவர் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் அக்கா சண்டைக்கு நின்றிருப்பாள். அவளுக்கு வாய் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் இலை துடைத்தார். அக்காவின் கண்ணுக்கு முன்னால் பேருந்து நிலைய நாற்காலியும் மடியில் திறந்த டப்பாவும் வந்து நின்றன. கண்ணாடிக் குண்டுக்கு அடியிலிருந்து தன் தாளைத் தானே உருவிக்கொண்டாள். மறுநாள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள். ஒரு வேலைக்கு ஒரு கையெழுத்து, இதில் என்ன பெரிய குடி முழுகிப்போகிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். தங்கையிடம் சொல்லவில்லை.

பிறகு பெயர்களை ஏற்றும் வேலை. அதுவும் அவள் தலையில்தான். பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, முதல் பெட்டியில் பெயர், இரண்டாம் பெட்டியில் புள்ளி. பெயர், புள்ளி. கோடை விடுமுறை முழுக்க, மின்விசிறி கரகரக்கிற நூலக அறையில் உட்கார்ந்து புள்ளி வைத்தாள். தங்கையின் ஆய்வேடு வந்தபோது, அட்டையை ஒரு முறை பார்த்துச் சிரித்துக்கொண்டாள். அதற்கும் வைத்தாள்.

சேவை தொடங்கிய அன்று, திட்டத்தின் தலைவர் என்கிற முறையில் முதலில் உள்ளே நுழைந்தவர் முதல்வர். அவருக்கும் கடைசிப் பெயர் புள்ளிதான். இயந்திரம் அவரைப் புகைப்படத்தோடு உறுதிசெய்துகொண்டது. பிறகு, தனக்குத் தெரிந்த ஒரே கணக்கைப் போட்டுப் பார்த்தது. ஒரே கல்லூரி, ஒரே கடைசிப் பெயர். அப்படியானால் ஒரே ஆள்தான். முதல் பெயர் வேறு வேறாக இருக்கிறதே என்று கேட்டால், முதல் பெயரை ஆட்கள் பல விதமாகச் சுருக்கி எழுதுவார்களாம், அதை அது பெரிதாக எடுத்துக்கொள்ளாதாம். பணிவாகக் கேட்டது: இவை உங்கள் படைப்புகளா? கீழே நீளமாக ஓடியது கல்லூரியின் அத்தனை வருஷத்து உழைப்பும். பக்கத்தில் ஒரு பொத்தான், ‘ஆம், எல்லாம் என்னுடையவை’.

வணிகவியல் படித்த அந்த மனிதர் அதை அழுத்தினார். கைதவறி அழுத்தினாரா, பார்த்துத்தான் அழுத்தினாரா என்றெல்லாம் மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். முதல் பக்கத்திலேயே கடல் அட்டை பற்றி ஒன்று, பால்பற்கள் பற்றி ஒன்று, இரும்புத் துரு பற்றி ஒன்று இருந்தன. கண் இருக்கிற யாரும் நின்றிருப்பார்கள்.

விஷயம் மெல்லக் கசிந்தது. ஆசிரியர் அறையில் தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். “இத்தனை நாள் சும்மா சொல்லிக்கிட்டிருந்தோம். இப்பத்தான் மனுஷன் நிஜமாவே பெரும்புள்ளி ஆயிருக்கார்” என்றார் தாவரவியல் பேராசிரியர். அவருடைய பாசிகளும் முதல்வர் பக்கத்தில்தான் இருந்தன. ஓய்வு பெறப்போகிறவர், அவருக்கு என்ன, சிரிப்பார். மற்றவர்களும் சிரித்ததோடு சரி. முதல்வர் கையில் பதவி உயர்வு இருந்தது, விடுப்பு இருந்தது. அந்தக் கூட்டத்தில் ஒருவர் போய் வாயைத் திறக்க வேண்டுமே, ஊஹூம். அக்காவும் அன்று சிரித்தாள். சீக்கிரம் சரிசெய்துவிடுவார்கள் என்று நினைத்தாள்.

தங்கையின் விண்ணப்பம் நேர்காணலுக்குக்கூடப் போகவில்லை. ஆசிரியர் தேர்வுக் குழுவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. விண்ணப்பதாரர் இணைத்த கட்டுரையின் பெரும்பகுதி, வேறொருவர் ஏற்கெனவே பதிந்த ஆய்வேட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்று ஒப்பீட்டு மென்பொருள் காட்டுகிறது, எனவே நிராகரிக்கிறோம் என்றது. வேறொருவர் யார் என்ற இடத்தில் முதல்வரின் பெயர். அந்த மென்பொருளும் அந்தச் சேவையோடு இலவசமாக வந்ததுதான்.

அக்கா அந்த மின்னஞ்சலை இரண்டு முறை படித்தாள். ஓடிப்போய்க் கணினியைத் திறந்தாள். தங்கையின் ஆய்வேடு, அதே அட்டை, அதே பக்கங்கள். அட்டையில் தங்கையின் பெயர் இருந்த இடத்தை மறைத்துக்கொண்டு முதல்வர், பத்து வயது குறைந்து சிரித்துக்கொண்டிருந்தார். பழைய கணினியாக இருந்தால் இவளே உள்ளே போய் ஒரு நிமிஷத்தில் மாற்றியிருப்பாள். இப்போது எல்லாம் எங்கேயோ, யாருடைய அறையிலோ. சேவை நிறுவனத்துக்கு எழுதினாள். பதில் மரியாதையாக வந்தது: படைப்பாளர் உறுதிசெய்த பதிவை அந்தப் படைப்பாளர் மட்டுமே விலக்க முடியும். மறுபடி எழுதினாள். அதே பதில், அதே மரியாதை. தொலைபேசியில் பிடித்தபோது கோட்டுக்காரர், “உங்க முதல்வர் ஒரு கிளிக் பண்ணினாப் போதும் மேடம்” என்றார்.

முதல்வர் அறையில் இவள் நின்றாள். அவர் உட்காரச் சொல்லவில்லை.

“சார், அந்த ஆய்வேடு என் தங்கச்சியோடது. உங்களுக்கே தெரியும். அது உங்களோடது இல்லன்னு ஒரு தடவை அழுத்திட்டீங்கன்னா போதும். மேல்முறையீடு பண்ண இன்னும் நேரம் இருக்கு.”

“நானா எடுத்தேன் மேடம்? அது கேட்டுச்சு, ஆமான்னு சொன்னேன்.”

“எல்லாம் உங்களோடதான்னு கேட்டுச்சு சார்.”

முதல்வர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “புள்ளி வெச்சது யாரு?”

அவள் பார்வை மேசைமேல் இருந்த கண்ணாடிக் குண்டுக்குப் போனது.

“இப்ப அந்த ஒண்ணை மட்டும் விலக்கினா, ஏன் விலக்கினீங்கன்னு கேப்பாங்க. அப்புறம் மிச்சத்தைக் கேப்பாங்க. தரவரிசைக் குழு இப்பத்தான் வந்து பார்த்துட்டுப் போயிருக்கு. கல்லூரிக்கே பெருமை. எனக்குப் பாராட்டு விழா வேற வெச்சிருக்காங்க. இந்த நேரத்துல கிண்டினா நாறிடும் மேடம்.” பிறகு குரலை இறக்கினார். அதில் கருணைகூட இருந்தது, அதுதான் பொறுக்கவில்லை. “ஒண்ணு செய்யலாம். உங்க தங்கச்சி அந்த வரிகளை மேற்கோள் குறிக்குள்ள போட்டு, அடிக்குறிப்புல என் பேரைக் குடுத்துடட்டும். அப்ப காப்பின்னு வராது. எனக்கு ஆட்சேபணை இல்ல.”

என்ன தாராள மனசு. குழியில் இறங்கி மொண்டவள், தான் எழுதின வரியைத் தானே கடன் வாங்கி, அதற்கு இவருக்கு நன்றியும் சொல்ல வேண்டும். அக்காவுக்குக் கண்ணாடிக் குண்டை எடுத்து எறிய வேண்டும்போல் இருந்தது. “கேட்டுப் பார்க்கிறேன் சார்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அந்த வார்த்தையைச் சொன்னதற்காக இன்றுவரை அவள் தன்னை மன்னிக்கவில்லை.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். தங்கை முதலில் சிரித்தாள். “அப்ப இத்தனை வருஷமா கொசு கடிச்சது அவரைத்தானா? எனக்கு எதுக்கு அரிச்சுச்சு?” என்றாள். அக்கா சிரிக்காததைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது.

“அந்தப் புள்ளியை யாருக்கா வெச்சா?”

“நான்தான்.”

“அது தப்பா போகும்னு உனக்குத் தெரியாதா? நீ இந்த விஷயத்துல ஊருக்கே பாடம் எடுக்கிறவளாச்சே.”

“தெரியும். வேண்டாம்னு எழுதிக்கூட வெச்சிருந்தேன்.”

“அப்புறம் ஏன் கையெழுத்துப் போட்டே?”

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். “உன் வேலைக்காகத்தான். அவர் உன் விண்ணப்பத்தைப் பத்திப் பேச்சை எடுத்தார். எனக்கு வேற வழி தெரியல.”

“எனக்காகவா?” தங்கையின் குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் தேவலாம். “நான் கேட்டேனா? அந்த வேலையை என் கொசுவை வெச்சு வாங்கணும்னு நினைச்சேன். நீ உன் கையெழுத்தை வெச்சு வாங்கப் பார்த்திருக்கே. இப்ப ரெண்டும் போச்சு.”

“அடிக்குறிப்பு போட்டா...”

“போட மாட்டேன்.”

“ஒரே ஒரு தடவைடி. வேலை வந்ததுக்கு அப்புறம் எப்படியாவது...”

“போட மாட்டேன்னு சொல்றேன்ல.”

போடவில்லை. தன்னுடையதுதான் என்று மேல்முறையீடு எழுதினாள். களஞ்சியத்தில் உள்ள பதிவே சான்று, அதில் உங்கள் பெயர் இல்லை என்று பதில் வந்தது. அந்த இடம் யாருக்கோ போனது. முதல்வருக்கு வேண்டியவருக்குப் போயிருந்தாலாவது திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்திருக்கும். அதுவும் இல்லை. யாரோ ஒருவர், தகுதியானவர், அமைதியானவர். வந்து சேர்ந்த அன்றே நூலகத்துக்கு வந்து, “அக்கா, எனக்கு ஒரு அட்டை போட்டுக் குடுங்க” என்றார். அக்கா போட்டுக்கொடுத்தாள்.

பாராட்டு விழா பெரிய அரங்கில் நடந்தது. ஊழியர்கள் கட்டாயம் வர வேண்டும் என்று சுற்றறிக்கை. மேடையில் பூங்கொத்து, கேடயம், மைக்கில் டவுன் சார். முதல்வரின் பக்கத்தைத் திரையில் போட்டு, எண்களை ஒவ்வொன்றாக வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். தாவரவியல் பேராசிரியர்கூடத் தட்டினார்.

“இதுல அதிகமா பதிவிறக்கம் ஆன படைப்பு எதுன்னு பார்த்தா” என்று டவுன் சார் பொத்தானைத் தட்டினார். திரையில் அந்த அட்டை வந்தது. இவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எழுதிக்கொடுத்ததை வாசிக்கிற பழக்கம், வாசித்துக்கொண்டே போனார். பக்கம் புரண்டது. “இதைத் தன் அக்காவுக்குச் சமர்ப்பணம் பண்ணியிருக்கார் நம்ம முதல்வர். கேளுங்க: என் அக்காவுக்கு. கொசுக்கடியைவிட மோசமான என் கடிகளைப் பொறுத்துக்கொண்டதற்கு.”

அரங்கம் குலுங்கிச் சிரித்தது. முதல்வருக்கு இவ்வளவு நகைச்சுவையா என்று மாணவர்கள் விசில் அடித்தார்கள். முதல்வருக்கு அக்கா கிடையாது. வீட்டுக்கு ஒரே பிள்ளை. அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? நெஞ்சில் கையை வைத்தார். கண்ணை மூடித் திறந்தார்.

அக்கா எழுந்து நின்றுவிட்டாள். நிற்க வேண்டும் என்று நினைத்து நிற்கவில்லை. முட்டி தானாக நிமிர்ந்தது. “அந்த அக்கா நான்தான்” என்றாள். மைக் இல்லாமலே அரங்கம் முழுக்கக் கேட்டது.

டவுன் சார் காகிதத்துக்குள் குனிந்துகொண்டார். முதல்வர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் பயம் ஓடியதை அக்கா பார்த்தாள். அடுத்த வார்த்தை அவள் தொண்டைக்குள் தயாராக இருந்தது. அதற்குள் முதல்வர் எழுந்து மைக்கைப் பிடித்துவிட்டார்.

“ஆமாங்க” என்றார், நெகிழ்ந்த குரலில். “நம்ம நூலகர். இந்தக் கல்லூரியில யாருக்குத்தான் அவங்க அக்கா இல்ல? எனக்கும் அக்காதான். இந்தக் களஞ்சியத்தோட ஒவ்வொரு பேரையும் தன் கையால ஏத்தினவங்க. அக்காவுக்கு ஒரு கைதட்டல் குடுங்க.”

அரங்கம் எழுந்து நின்று தட்டியது. அவள் ஏதோ சொன்னாள். அவளுக்கே கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அன்பாகத் தோளைத் தட்டி உட்காரவைத்தார்கள். புதிதாகச் சேர்ந்த விலங்கியல்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவள் வாங்கிக் குடித்தாள்.

வீட்டுக்கு வந்தபோது தங்கை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள், எந்தக் கல்லூரியுடையதோ. மேல்முறையீட்டுப் பதில் வந்த நாளிலிருந்து அவர்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. தங்கை சாப்பாடு எடுத்து வைப்பாள், மின்கட்டணம் கட்டியாயிற்றா என்று கேட்பாள். ஒரு வார்த்தையை மட்டும் சொல்வதில்லை. எந்த வார்த்தை என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை.

“விழா முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது. உன் சமர்ப்பணத்தை மேடையில வாசிச்சாங்க.”

சிவப்புப் பேனா நின்றது. “யாரு எழுதினதுன்னு சொன்னாங்களா?”

“இல்ல.” அக்கா கைப்பையை ஆணியில் மாட்டினாள். மாட்டிவிட்டு அங்கேயே நின்றாள். “நான் எந்திரிச்சுச் சொல்லப் பார்த்தேன். அதுக்குள்ள அவர், எனக்கும் இவங்க அக்காதான்னு மைக்ல சொல்லிட்டார். எல்லாரும் கை தட்டிட்டாங்க.”

தங்கை தாளில் ஏதோ மதிப்பெண்ணைப் போட்டு, அடுத்த தாளை எடுத்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“சரி விடு” என்றாள். “அவராவது கூப்பிடட்டும்.”